இரண்டு பிராசஸரில் ஓடிய ஊர்

கம்ப்யூட்டர் கடையில் அவளுக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். வைத்தது முதலாளி. கம்பெனிக்காரன் அட்டையில் எந்த எண்ணை அச்சடித்திருந்தாலும் நம்ப மாட்டாள். வாடிக்கையாளரின் சொந்த வேலையை அப்படியே ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். அதிலும் ஒரு பிடிவாதம்: இரண்டு பிராசஸரை ஒப்பிடுவதென்றால் பக்கத்துப் பக்கத்தில், ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒன்றை முடித்து மற்றொன்றை ஓட்டினால், அதற்குள் அறை சூடாகிவிடும், இரண்டாவதற்கு அநியாயம் என்பாள். இந்த நியாயம் பேசியே ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கொள்வாள் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை.

காலையில் கடை திறந்ததும் வந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். அறுபதை நெருங்கும் வயது. துணியில் சுற்றிய ஒரு பழைய ஹார்டு டிஸ்கை மேசைமேல் வைத்தார்.

"இதுல ஒரு ஊர் இருக்கும்மா. என் பையன் கட்டினது."

ஊர் கட்டும் விளையாட்டு அது. வீடு, ரோடு, ரயில் எல்லாவற்றையும் நாம் வைக்க வேண்டும். குடிவருகிறவர்கள் அவர்கள் பாட்டுக்கு வேலைக்குப் போவார்கள், கல்யாணம் செய்துகொள்வார்கள், வயதாகிச் சாவார்கள். ஒன்றரை லட்சம் பேர் குடியிருக்கும் ஊரைக் கட்டியிருந்தான் மகன். அதில் ஒருவனுக்குத் தன் பெயரையும் வயதையும் கொடுத்து ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் வைத்திருந்தான். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அப்பாவின் பெயரில் ஒருவர். இரண்டு வருடங்களுக்கு முன், இருபத்தாறு வயதில், ஒரு சாயங்காலம் ஊரை சேவ் செய்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். திரும்பி வரவில்லை.

"தினமும் திறந்து பாப்பேன்," என்றார் மெக்கானிக். "அங்க காலைல ஏழு மணி. ஜன்னல்கிட்ட நிப்பான். அப்புறம் இறங்கி ஸ்டேஷனுக்கு நடப்பான். பழைய கம்ப்யூட்டர்தானே, இழுத்து இழுத்து ஓடும். தெருமுக்கு வரைக்கும் போறதுக்குள்ள அப்படியே நின்னுடும். சேவ் பண்ணாம மூடிடுவேன். மறுநாள் மறுபடி அதே ஏழு மணி."

இரண்டு வருடமாக ஒரே காலை. ஸ்டாப்வாட்ச் டிஸ்கைத் தன் பக்கம் நகர்த்தினாள்.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும் ஐயா?"

"அவன் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்றதை ஒரு தடவை பாக்கணும். ரெண்டு பிராசஸர் சொல்றாங்க, எதுல ஓடும்னு நீங்க சொல்லுங்க. ஆனா சேவ் மட்டும் ஆயிடக் கூடாதும்மா. அவன் விட்ட இடத்துலயே இருக்கணும். வேற எங்கயும் இது கிடையாது."

"நகல் எடுத்துத்தான் ஓட்டுவேன். உங்க டிஸ்க் பத்திரமா இருக்கும். நாலு மணிக்கு வாங்க."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள்.

ஒன்று எட்டு கோர், அதாவது உள்ளே எட்டு வேலையாள்; விளையாட்டுக்கென்றே செய்தது. ஆள் குறைவு, ஆனால் வேண்டிய சாமான் எல்லாம் கைக்கெட்டும் இடத்தில். மற்றது இருபத்துநாலு கோர், வீடியோ தயாரிப்பு மாதிரியான கனத்த வேலைக்கு. ஆள் நிறைய, ஆனால் சாமான் எடுக்கக் கொல்லைப்புறம் வரை போய்வர வேண்டும். இந்த ஊருக்கு எது சரிப்படும் என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

கிழட்டு டிஸ்க் நகலாகி முடிக்க மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. இரண்டு மெஷினுக்கு இரண்டு நகல் வேண்டும். கிழட்டு டிஸ்கிலிருந்து இன்னொன்று எடுக்க மறுபடி நாலு மணி நேரம்; நகலிலிருந்தே நகல் எடுக்கலாம் என்பது அந்த அவசரத்தில் தோன்றவில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஓட்டலாம் என்றால், அவள் நியாயம் விடுமா? எட்டு கோரில் நகலை மாட்டினாள். இருபத்துநாலில் அசலையே மாட்டினாள். சேவ் செய்யாமல் மூடினால் போயிற்று, அவரும் தினமும் அதைத்தானே செய்கிறார்.

இரண்டு திரையிலும் ஏழு மணி. இரண்டு ஜன்னலிலும் அவன். இரண்டு பேரும் ஒரே நொடியில் திரும்பினார்கள், ஒரே காலை எடுத்து வைத்துப் படியிறங்கினார்கள். அவளுக்கு ஏனோ நேராகப் பார்க்கப் பிடிக்கவில்லை. சோதனை என்றால் பிராசஸர் திணற வேண்டும், அதனால் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிவிட்டு, மின்சார அளவையும் சூட்டையும் குறிப்பதில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். திரைகளில் இரவும் பகலும் படபடவென்று மாறின. ஸ்டேஷன் மணி மட்டும் இரண்டு பக்கமும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து நிறுத்தினாள். எட்டு கோரில் ஊர் நாற்பத்தெட்டு வருடம் ஓடியிருந்தது. இருபத்துநாலில் முப்பத்துநாலு. சந்தேகமே இல்லை, எட்டுதான் என்று எழுதப் போனவள் திரையின் மூலையைப் பார்த்தாள். 'தானாகச் சேமிக்கப்பட்டது.' இரண்டிலும்.

அந்த விளையாட்டு ஊர்க்கணக்கில் வருடத்துக்கு ஒரு முறை தானாக சேவ் செய்யும், பழையதன் மேலேயே. பழைய கம்ப்யூட்டரில் ஒரு வருடம் ஓடினால்தானே அவருக்குத் தெரிந்திருக்கும்? மீட்டெடுக்கத் தெரிந்த வித்தையையெல்லாம் செய்து பார்த்தாள். ஒன்றும் மிஞ்சவில்லை.

எட்டு கோரில் மூன்றாவது மாடி ஜன்னல் இருண்டிருந்தது. இருபத்துநாலில் நரைத்த தலையோடு ஒருவர் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைத்தான் பார்க்கிறார் என்று தோன்றியது அவளுக்கு.

வேறு எவனாவது ஒரு இருபத்தாறு வயதுக்காரனுக்கு அந்தப் பெயரை வைத்து, அந்த மாடியில் குடியேற்றிவிடலாம். இரண்டு நிமிட வேலை, யாருக்கும் தெரியாது. பெயர்ப்பெட்டியைத் திறந்தும்விட்டாள். விரல் எழவில்லை. நாலு மணி வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மெக்கானிக் வந்ததும் மென்று முழுங்காமல் சொல்லிவிட்டாள். அவர் கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு திரைக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

"ஸ்டேஷனுக்குப் போனானா?"

அவள் முதலில் எட்டு கோரில், பிறகு இருபத்துநாலில் குடியிருப்பவர் பதிவைத் திறந்து படித்தாள். "இதுல ஸ்டேஷன்லயே வேலை பாத்திருக்கார் ஐயா. இருபத்தொம்போதுல கல்யாணம். ரெண்டு பொண்ணுங்க. எழுபத்துமூணு வயசு வரைக்கும் இருந்திருக்கார். அதுல டீச்சர். கல்யாணம் கொஞ்சம் லேட்டு, முப்பத்துநாலுல. ஒரு பையன். இப்ப அவருக்கு அறுபது."

"என்னை விடப் பெரியவன்," என்றார் அவர். பிறகு, "கீழ்த்தளத்துல நான் இருப்பேனே?"

அவள் தேடினாள். "இதுல எழுபத்தொம்போது வயசுல... அதுல எண்பத்தொண்ணுல."

"அப்போ அவன் இருந்தானா?"

"இருந்தார் ஐயா. ரெண்டுலயும் அதே மூணாவது மாடிலதான்."

"ரெண்டுலயும் நான்தான் முன்னாடி போனேனா?"

"ரெண்டுலயும்."

டிஸ்க் சுற்றி வந்த துணியை மடியில் விரித்து, நாலாக மடித்து, மறுபடி விரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்போ எதை வேணாலும் போடும்மா," என்றார்.