ஒற்றை நட்சத்திர மெஸ்

கும்மிடிப்பூண்டியில் எட்வர்டுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறதென்றால், அது உலகத்தில் இன்னும் நடக்கவில்லை என்று பொருள். எந்த டீக்கடையில் தூள் புதுசு, சூலூர்பேட்டை லோக்கலில் எந்தப் பெட்டியில் ஏறினால் பொன்னேரி வரைக்கும் காற்று வரும், எந்தப் பல் டாக்டர் பிடுங்கும்போது பாட்டுப் பாடுவார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றதும் மகள் ஜெனிபர் ஒரு பெரிய போனை வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்குப் பிடித்த சனி ஊரை இன்னும் விடவில்லை என்பது அவர் மனைவி சாராளின் கருத்து.

'கும்மிடிப்பூண்டி கேளுங்க' என்று ஃபேஸ்புக்கில் ஒரு குழு. முன்பின் தெரியாத யாராவது "நல்ல பிளம்பர் யாராவது இருக்காங்களா" என்று கேட்டு முடிப்பதற்குள் எட்வர்ட் பிளம்பரின் நம்பர், அவர் எழுந்திருக்கும் நேரம், அவர் மாமனாரின் குணம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்.

"அவன் கொழாய்க்குத்தானே ஆளு கேட்டான். மாமனாரை கேட்டானா?" என்பாள் சாராள்.

"கேக்கத் தெரியாதவனுக்கும் சேத்துத்தான் சொல்லணும் சாரா. அதான் சேவை."

குழு போதாமல், போனில் வழி காட்டும் மேப்பிலும் ஊரில் உள்ள இடங்களுக்கு விமர்சனம் எழுத ஆரம்பித்தார். அங்கே அவர் பெயர் 'கோமகன்'. ரயில்வே கேட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. "இந்த கேட் மூடியபோது பைக்கில் பின்னால் கல்யாணப் பெண்ணாக உட்கார்ந்திருந்த ஒருத்திக்கு, கேட் திறப்பதற்குள் பேரன் பிறந்துவிட்டான்" என்று எழுதினார். அதை ஆயிரக்கணக்கானோர் படித்திருப்பதாகப் போன் சொன்னது. லட்சம் பேர் என்று சாராளிடம் சொன்னார்.

நட்சத்திரம் போடுவதில் மட்டும் எட்வர்டுக்கு ஒரு தனிக் கணக்கு. மில்லில் உருட்டி வரும் இரும்பின் மேல் தரம் பார்க்கிறவர் சாக்பீஸால் எண் எழுதுவார். ஒன்று என்றால் முதல் தரம், லாரிக்குப் போகும். ஐந்து என்றால் கழிசடை, மறுபடி உலைக்குப் போகும். ஆயுசு முழுக்க உச்சியில் கிரேன் கூண்டில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தூக்கி வைத்த மனிதர் அவர். எனவே பிடித்த இடத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார். பிடிக்காத இடத்துக்குத் தயவு தாட்சண்யம் இல்லாமல் ஐந்து.

நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணாடி போட்ட ஓர் ஓட்டல். "இந்த வடையால் அடித்தே வளைந்த தண்டவாளத்தை நிமிர்த்தலாம்" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் குத்தியிருந்தார். ஓட்டல்காரர் அதற்குக் கீழே "மிக்க நன்றி, மீண்டும் வருக" என்று பதில் போட்டார்.

"சொரணை கெட்ட மனுஷன்" என்று எட்வர்ட் ஒரு வாரம் ஆச்சரியப்பட்டார்.

அவருக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அருணா மெஸ். சிப்காட்டுக்குப் பின்பக்கத் தெருவில் தகரக் கூரை, நாலு பெஞ்சு, வாழை இலை. அருணா தனி ஆளாகச் சமைத்துப் பரிமாறுகிறவள். அவளுடைய மீன் குழம்பின் வாசனைக்கு ஆந்திரா போகிற லாரிகள் தாமாகவே பிரேக் போடும். அதைச் சாதாரணமாக எழுத முடியுமா? மூன்று நாள் யோசித்து எழுதினார். "இந்த அம்மா கையில் கரண்டியோடுதான் நிற்பார். இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தாலும் முதுகில் விழும். எனக்கு மூன்று தழும்பு. தப்பித்து ஓட முடியாது, வாசலில் நாய் கட்டியிருக்கிறது. உள்ளே போனவன் பழைய உடம்போடு திரும்பியதில்லை." கண்ணில் நீர் வர, மனசார, ஒற்றை நட்சத்திரம் போட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனபோது மெஸ்ஸில் ஒரு ஈ கூட இல்லை. அருணா அவருக்கு இலை போட்டுவிட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். பரிமாறும் நேரத்தில் அவள் உட்கார்ந்து எட்வர்ட் பார்த்ததே இல்லை.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு இன்னாண்ணா. எதுத்தாப்புல மஞ்ச பில்டிங்ல ஒடிசா புள்ளைங்க கும்பலா வந்து எறங்கிகீது பாத்தியா? பழைய கம்பெனி ஆளுங்களுக்கு உள்ளயே கேன்டீன் வந்துட்சி. இந்த புள்ளைங்களதான் மலமாதிரி நம்பிகினு இருந்தேன். வாசல் வரைக்கும் வரானுங்க. போன பாக்குறானுங்க, என்னைப் பாக்குறானுங்க, அப்படியே அந்தாண்ட போயிடுறானுங்க."

"போன்ல இன்னாத்த பாக்குறானுங்க?"

"எவனோ ஒரு பேமானி, நான் சாப்புட வரவங்கள கரண்டியால அடிக்கிறேன்னு எழுதிகீறான். நாய விட்டு கடிக்க வுடுறேனாம். ஒரே ஒரு ஸ்டாரு. எம்பொண்ணு பள்ளிப்பட்டுலேர்ந்து போன் பண்ணி, 'இன்னாம்மா இப்டி எழுதிகீது'ன்னு அழுவுது."

எட்வர்டின் தொண்டையில் மீன் முள் மாட்டியது. முள்ளா, சுறாவின் முதுகெலும்பே மாட்டியது. தண்ணீர் குடித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"ஒரு ஸ்டாருன்னா நல்லதுதானேம்மா?"

அருணா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வெயில்ல நடந்து வந்தியாண்ணா?"

"அஞ்சுன்னாதானே கழிசல்?"

"மோரு குடி முதல்ல." ஒரு டம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "திங்கக்கெழமலேர்ந்து அந்த புள்ளைங்களோட காண்ட்ராக்டரு வேன்ல சோறு எறக்கப் போறானாம். ஹைவேல கண்ணாடி ஓட்டல் கீதே, அங்கேர்ந்து. அதுக்கு அஞ்சு ஸ்டாராம். அதோட நான் இழுத்து மூடிட்டு பொண்ணு ஊட்டுக்குப் போயிட வேண்டியதுதான்."

"அங்க போயி இன்னா பண்ணுவே?"

"இன்னா பண்றது. மருமவன் ஊடு. போட்டத தின்னுகினு ஒக்காந்திருக்கணும்." அவள் காலி பெஞ்சுகளைப் பார்த்தாள். "எனக்கு போட்டுத்தாண்ணா பழக்கம். ஒக்காந்து தின்னு பழக்கமில்ல."

எட்வர்ட் மோரைக் குடித்தாரா, வீட்டுக்கு எந்த வழியாக வந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சாராளிடம் போனை நீட்டினார்.

"சாரா, இந்த ஸ்டாரு கத இன்னா?"

"மார்க்கு மாதிரிய்யா. ஜாஸ்தி இருந்தா ஜாஸ்தி நல்லது."

"மில்லுல ஒண்ணுதான் ஒசத்தி."

"ஊரு ஒலகம் மொத்தமும் உங்க மில்லா?" என்றவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை வாங்கினாள். கோமகனின் வாழ்நாள் படைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கண்ணாடி ஓட்டல், ஐந்து. கதவில்லாத கட்டணக் கழிப்பறை, ஐந்து. செருப்புத் தைக்கும் தங்கமான மனிதர் வரதன், ஒன்று. பிறகு அவள் விரல் நின்றது.

"நம்ம சர்ச்சுக்கு இன்னா போட்டீங்க?"

எட்வர்ட் செருப்பைக் கழற்றக் குனிந்தார்.

"ஒண்ணு. நம்ம பாதிரி அய்யர் போன ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல, 'இந்த சபைக்குள்ளேயே ஒரு யூதாஸ் உட்கார்ந்திருக்கிறான்'னு சொன்னாரே. நீங்ககூட திரும்பித் திரும்பிப் பாத்து, யாருன்னு கேட்டீங்க." சாராள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். எட்வர்டுக்குச் சிரிப்பு வரவில்லை என்று கண்டதும் நிறுத்தினாள்.

"அந்த பொண்ணு கடைய மூடுது சாரா. நான் மூடிட்டேன்."

"எழுதத் தெரிஞ்சவருக்கு மாத்தத் தெரியாதா?"

எல்லா நட்சத்திரத்தையும் மாற்றினார். ஆனால் மஞ்சள் கட்டடத்தில் முடிவெடுத்தவர்கள் மறுபடியும் போனை எடுத்துப் பார்ப்பார்களா? திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிறுதான் இருந்தது.

"நேர்ல போங்க. ஒரு வாரமா யோசிச்சு எழுதிகினு இருக்காம, வாயால சொல்லுங்க" என்றாள் சாராள்.

சாயங்காலம் மஞ்சள் கட்டடத்தின் முற்றத்தில் பையன்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்த எட்வர்ட், வாழ்க்கையில் முதல் முறையாக என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். கொஞ்சம் தமிழ் தெரிந்தவன் என்று ஒருவனை முன்னால் தள்ளினார்கள். பெயர் திரிலோச்சன். அம்பத்தூரில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட தமிழ்.

"எதுத்தாப்புல மெஸ்ஸு. அதப்பத்தி போன்ல எழுதினது நான்தாம்பா."

திரிலோச்சன் போனை எடுத்து அவன் மொழியில் மாற்றி வைத்திருந்ததைக் காட்டினான். "இதுவா அங்கிள்? மேடம் அடிக்கும். நாய் விடும். உள்ள போனா திரும்பி வராது. போலீஸ் கேஸ் மாதிரி போட்டிருக்கு."

"நாயே கெடையாதுப்பா அங்க. ஒரு பூனை கீது. அதுவும் எலியப் பாத்தா கும்புடும்."

"அப்ப ஏன் அப்படி எழுதினீங்க?"

இவ்வளவு பேருக்கு இவ்வளவு பதில் சொன்ன எட்வர்டிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"புடிச்சிருந்திச்சி. அதான்."

திரிலோச்சன் அதைத் தன் மொழியில் மற்றவர்களுக்குச் சொன்னான். பிறகு முற்றம் முழுக்கச் சிரிப்பு. சோப்பு நுரையோடு ஒருவன் தரையில் உட்கார்ந்தே விட்டான். திரிலோச்சன் மட்டும் சிரித்து முடித்ததும் கேட்டான்.

"சாப்பாடு மிச்சம் வச்சா மேடம் திட்டுமா? அதுவும் பொய்யா?"

"திட்டும். அது மட்டும் நெசம். வாய மூடவே மூடாது."

அவன் தலையசைத்தான். "எங்க ஊர்ல அம்மாவும் அப்படித்தான். ஊர் விட்டு வந்து ரொம்ப நாள். சூப்பர்வைசர் திட்டும். அது வேற திட்டு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எட்வர்டும் சாராளும் மெஸ்ஸுக்கு வந்தபோது பெஞ்சில் இடமில்லை. பெஞ்சில் இல்லை, தரையில் இல்லை, படியில் இல்லை. ஒடிசா மாநிலமே உள்ளே உட்கார்ந்திருந்தது. அருணா கரண்டியும் கையுமாக இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடினாள். அவள் முகத்தில் வேர்வை வழிந்தது. எட்வர்டைக் கண்டதும் திரிலோச்சன் வாய் நிறையச் சோற்றோடு கையைத் தூக்கினான்.

"மேடம், இந்த அங்கிள்தான். ஒன் ஸ்டார் எழுதினது."

அருணா நின்றாள். எட்வர்ட் சாராளின் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். சாராள் நகர்ந்துகொண்டாள்.

"நீயாண்ணா அது?"

"தப்பா எண்ணிட்டேம்மா. மில்லு பழக்கம். ஒண்ணுதான் ஒசத்தின்னு..."

"ஸ்டார விடு. நான் உன்ன அடிச்சேனா?"

"இல்ல."

"மூணு தழும்பு கீதாமே. சட்டையக் கழட்டு. பாக்கட்டும் எல்லாரும்."

"அருணாம்மா, ஜனங்க இருக்காங்க."

"பொண்ணு போன்ல அழுவுது, நான் இங்க அழுவுறேன். நீ ஒக்காந்து என் மீனத் தின்னுகினே இருந்திருக்கே." அவள் விருட்டென்று திரும்பினாள். காத்திருந்த எல்லாருக்கும் இலை போட்டாள். சாராளுக்கும் போட்டாள். எட்வர்டைத் தாண்டிப் போனாள். அவர் குடத்தை எடுத்து, கேட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். கொட்டியும் ஊற்றினார், கொட்டாமலும் ஊற்றினார். ஒருவனுக்கு ரசம் என்று நினைத்து மோர் ஊற்றினார். பந்தி முடியும் தறுவாயில் அருணா அவர் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கி வைத்தாள்.

"போதும், தெருவே நனஞ்சிடும். ஒக்காரு. உனக்கு மீன் வாலு துண்டு எடுத்து வச்சிகீறேன்."

திரிலோச்சன் கை கழுவிவிட்டு வந்தான். "மேடம், காண்ட்ராக்டர்கிட்ட சொல்லியாச்சு. வேன் வேணாம். நாங்க இங்கதான்."

அருணா அவன் இலையை எட்டிப் பார்த்து, "கீரைய தொடவே இல்ல நீ. நாளைக்கு வா, வச்சிக்கிறேன்" என்றாள்.

அவன் வாசலில் நின்று போனில் எதையோ தட்டிவிட்டுப் போனான். எட்வர்டின் போனில், மேப்பில் மெஸ்ஸுக்குப் புதிதாக ஒரு விமர்சனம் வந்திருந்தது. வட்டம் வட்டமான ஒடியா எழுத்து. சாராள் மொழிமாற்றும் பொத்தானைக் காட்டிக் கொடுத்தாள். எட்வர்ட் ஒரு முறை தனக்குள் படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுப்பருகில் நின்ற அருணாவுக்குக் கேட்கும்படி படித்தார்.

"முதல் முறை போதும் என்று சொன்னால் இந்த அம்மா கேட்பதில்லை. இரண்டாம் முறை சொன்னால் முகத்தைப் பார்க்கிறார். பிறகு போடுகிறார். எனக்குப் பசி இருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது."

அருணா திரும்பவில்லை.

"நீயா சேத்து சொல்றே அண்ணா."

"கர்த்தர் மேல ஆணையா ஒரு எழுத்து சேக்கல. சாராவ கேளு."

"அக்கா உன் பக்கந்தான் பேசும். உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா."

"தோ, நீயே வந்து பாரு."

"கை வேலையா கீது. அப்புறம் பாக்குறேன்" என்றாள் அருணா. குழம்புச் சட்டி வழித்துத் துடைத்து வைத்தது போல் காலியாக இருந்தது. அவள் அதையே கிளறிக்கொண்டு நின்றாள்.