சிவப்பு முடிச்சு

கள்ளக்குறிச்சி ஜெராக்ஸ் கடையில் எடுத்து வந்த அந்தக் கட்டம் போட்ட தாளைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட ஜெயசுதாவுக்குக் கை பரபரத்தது. கருப்புக் கட்டத்துக்கு நூலால் அடைப்பு, வெள்ளைக் கட்டத்துக்கு ஓட்டை. கீழ் வரிசையில் தொடங்கி மேலே ஏறினால் 'நல்வரவு' என்று எழுத்து எழுந்து நிற்கும் என்று பின்னல் சொல்லித்தரும் வீடியோக்காரி சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தாள். எழுந்து நின்றது உண்மைதான். ஆனால் 'ந' இருக்கவேண்டிய இடத்தில் 'வு' உட்கார்ந்திருந்தது, அதுவும் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி.

வெள்ளிக்கிழமை கச்சிராயபாளையத்தில் அவளும் கணவன் கொளஞ்சியப்பனும் கட்டிய புது வீட்டுக்குப் பால் காய்ச்சுகிறார்கள். நிலைவாசலில் தான் கொக்கி ஊசியால் பின்னிய குரோஷா திரைதான் தொங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள் ஜெயசுதா. எல்லாம் மாமியார் பூமாலையால் வந்தது. ஜெயசுதாவுக்கு இடது கைப் பழக்கம். கல்யாணமாகி வந்த நாள்முதல் குழம்பு ஊற்றினாலும் பேச்சு, கோலம் போட்டாலும் பேச்சு.

"பீச்சாங்கையில போட்டத நெலவாசல்ல மாட்டுவாங்களா? வர்றவங்க இன்னா சொல்லுவாங்க?"

"மாட்டத்தான் போறேன், பாத்துக்கினே இருங்க அத்தை."

வாயை விட்டாயிற்று. இப்போது எழுத்து மானத்தை வாங்குகிறது.

முதல் தடவை எண்ணிக்கை தப்பிவிட்டது என்று நினைத்துப் பாதியிலேயே மொத்தத்தையும் பிரித்துவிட்டாள். இரண்டாம் தடவை ஒவ்வொரு வரிசைக்கும் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு போனாள். முதல் வரிசை பின்னும்போது நம்மைப் பார்த்திருக்கும் பக்கம்தான் முன்பக்கம் என்று வீடியோக்காரி சொல்லியிருந்ததால், மறக்காமல் இருக்க அங்கே சிவப்பு நூலில் ஒரு முடிச்சும் போட்டுவைத்தாள். பின்னியதை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு தாளை மட்டுமே பார்த்தாள். முடித்துத் தரையில் விரித்து, சிவப்பு முடிச்சு மேலே தெரியும்படி நீவிவிட்டால், திரும்பவும் அதே 'வு'.

"எங்க தப்பு பண்றன்னே தெரியலியே!" என்று கத்திவிட்டு, அதை அள்ளி முற்றத்துக் கொடியில் வீசினாள்; அது விரிந்து தொங்கியது.

கடைசியில் ரோஷத்தையும் விட்டாள். மாமியார் சொன்னதே சரியோ என்று ஊசியை வலது கைக்கு மாற்றி வேறொரு துண்டைப் பின்னினாள். ஒரு கட்டம் தொளதொள, அடுத்தது ஊசி நுழையாத இறுக்கம். எழுத்து அதனதன் இடத்தில்தான் வந்தது, என்ன எழுத்து என்றுதான் தெரியவில்லை. விரல் வலித்தது. தன் கைமேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

அப்போது பின்பக்கம் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த பூமாலை, மருமகளின் வலது கையில் ஊசியைப் பார்த்தாள்; பிறகு கொடிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படித்தாள்.

"ந... நல்... வர... வு."

ஜெயசுதா எழுந்து ஓடினாள். கொடியைச் சுற்றி மாமியார் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். 'ந' தன் இடத்தில் இருந்தது. எல்லா எழுத்தும் பளிச்சென்று இருந்தன. சிவப்பு முடிச்சு மட்டும் மறுபக்கம் இருந்தது. வீடியோக்காரி வலது கைக்காரி, வலமிருந்து இடமாகப் பின்னுகிறவள்; இவள் கை இடமிருந்து வலமாக ஓடுகிறது, அதனால் அவளுக்கு முன்பக்கமாக இருப்பது இவளுக்குப் பின்பக்கம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிற பின்னலைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லையே! பிரித்துத் தள்ளிய நூலை நினைத்ததும் ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது.

"எதுக்குடி அழுவுற? சோத்தாங்கையில போட்டதும் எவ்ளோ லட்சணமா வந்துக்குது பாரு. இதத்தான தலைபாடா அடிச்சிக்கினேன்!"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திரை வாசலுக்குப் போய்விடும், வீட்டில் சண்டையும் இருக்காது. ஜெயசுதா உள்ளே போய் அந்தக் கோணல் துண்டை எடுத்து வந்து மாமியாரிடம் நீட்டினாள்.

"சோத்தாங்கையில போட்டது இதுங்க அத்தை. நீங்க படிச்சது பீச்சாங்கையில போட்டது."

பூமாலை கோணல் துண்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள், தூரத்தில் பிடித்தாள், திருப்பியும் பார்த்தாள். ஒரு எழுத்தும் கூடவில்லை. கொடியில் கிடந்ததை இன்னொரு தடவை வாய்க்குள்ளேயே படித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஜெயசுதாவுக்கு அழுகையே நின்றுவிட்டது.

"கொளஞ்சியப்பன் வந்தா நெலையில ஆணி அடிக்கச் சொல்லு," என்றாள் பூமாலை. "அந்தச் செவப்பு முடிச்ச மொதல்ல அவுரு. வெள்ளிக்கெழம மட்டும் கொழம்ப சோத்தாங்கையில ஊத்தித் தொலைடி."