ஆட்டுக்கொம்பு வளைவில் விழாத லாரி

அந்த மார்ச் மாதம், ரெஷ்தா ஊருக்கு மேலே உள்ள ஆட்டுக்கொம்பு வளைவில், கூட்டுப்பண்ணையின் சீனத்து லாரி சாலையை விட்டு விலகியது, ஆனால் விழவில்லை. விதை உருளைக்கிழங்கு மூட்டைகளோடும் ஓட்டுநர் ஜெலோஷோடும் போய், ஒரு கூப்பிடு தூரத்தில், பள்ளத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றுகொண்டது. முந்தின வருஷம் அதே இடத்தில் பால் வண்டி விழுந்திருந்தது. அதற்கு முந்தின வருஷம் வாத்தியார்களை ஏற்றி வந்த பேருந்து. அல்பேனியாவில் சாலை விபத்து என்பதே கிடையாது என்று வானொலி அடித்துச் சொன்னதால், அவை இரண்டும் விழவில்லை என்றே ஆகிவிட்டது. அந்த வகையில் பார்த்தால், அரசாங்கம் சொன்னபடி நடந்துகொண்ட வண்டி ஜெலோஷுடையது ஒன்றுதான்.

வினை எங்கே வந்தது என்றால், அந்தப் பள்ளத்தின் அடியில் ஓடும் ஓடைதான் நாட்டின் எல்லை. லாரியின் முன்சக்கரங்கள் யுகோஸ்லாவியாவுக்கு மேலேயும் பின்சக்கரங்கள் நம் மண்ணுக்கு மேலேயும் நின்றன. ஜெலோஷ் உள்ளே உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தான். முகப்பு விளக்குகள் பகலிலும் எரிந்தன. எல்லைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டால் குற்றம், கையாட்டினால் எதிரிக்கு ஜாடை காட்டிய குற்றம். அவன் மனைவி டிரானேவுக்கு அடுப்பங்கரை ஜன்னல் வழியே அவன் மூக்கு முதற்கொண்டு தெரியும். ஆனாலும் அவள் கூப்பிடவும் இல்லை, கையாட்டவும் இல்லை. துணி துவைக்கிற நாளில் யாரும் போடாத அவன் சட்டையையும் துவைத்து, பெண் பிள்ளைகளின் பாவாடைகளுக்கு நடுவே காயப்போட்டாள். ஊர் ஜனங்கள் வளைவைக் கடக்கும்போது தங்கள் செருப்பையே பார்த்து நடந்தார்கள். பேருந்தில் அந்தப் பக்கத்து ஜன்னல்களுக்குத் திரை போட உத்தரவு வந்தது. ஜெலோஷின் தம்பி பெண்டாட்டி பிரேந்தா ஊற்றடியில் குடத்தைக் கழுவுகிற சாக்கில் குனிந்து, "அக்கா, உங்க வீட்டுப் பக்கம் வரலைன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்று தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். டிரானே தப்பாக நினைக்கவில்லை. தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள், அவ்வளவுதான்.

எல்லை தாண்டி ஓடிப்போனவனின் குடும்பத்தைத் தெற்கே சதுப்பு நிலத்து முகாமுக்கு அனுப்புவது வழக்கம். அங்கே போன பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும் கிடையாது, கல்யாணமும் கிடையாது, கொசுவும் பருத்திக்காடும்தான். டிரானேவுக்கு விட்டோரே, லியே என்று இரண்டு பெண்கள். ஜெலோஷ் ஓடிப்போனவனா, செத்தவனா என்று மாவட்டக் குழுவில் வாரக்கணக்கில் விவாதம் நடந்தது. முன்சக்கரம் போய்விட்டதால் ஓடிப்போனவனே என்றார் ஒருவர். சுமை பின்னால் இருக்கிறது, சுமை அரசாங்கத்துடையது, ஆகவே வண்டி இன்னும் வேலையில்தான் இருக்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில் யாரும் கையெழுத்துப் போடத் துணியாமல், அவன் பெண்டாட்டி வாயாலேயே வரவழைத்துவிட்டால் நல்லது என்று முடிவாகி, உளவுத்துறை அதிகாரி பாஷ்க்கை அனுப்பினார்கள். துணைக்கு ஊர்க் கட்சிச் செயலாளர் ஜெஃப் வந்தார். பாஷ்க்கும் இதே மலைக்காரன்தான். அரசாங்கம் மதத்தைத் தடை செய்தபோது, தன் சொந்த ஊர்த் தேவாலய மணியைத் தானே ஏறி இறக்கி, விசுவாசத்தைக் காட்டிப் பதவிக்கு வந்தவன்.

குடும்பத்தை ஏற்றிப்போகும் மூடிய வண்டி தெருவிலேயே நின்றது. பாஷ்க் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, "டிரானே தோழர், சுத்தி வளைக்க வேண்டாம். உங்க புருஷன் ஓடிப்போனாரா, செத்துப்போனாரா? நீங்களே சொல்லிடுங்க" என்றான். அவன் முதுகுக்குப் பின்னால், ஜன்னலுக்கு அப்பால், ஜெலோஷ் சட்டைக் கையால் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டே செத்துப்போனார் என்று சொன்னால் அரசாங்கத்திடம் பொய் சொன்னதாகும். உயிரோடு இருக்கிறார் என்றால் பிள்ளைகள் இப்போதே வண்டியில் ஏறவேண்டும். "காபி போட்டுக் கொண்டாரேன்" என்றாள் டிரானே. இந்த மலையில் பிடித்துப்போக வந்தவனுக்கும் முதலில் காபிதான்.

அடுப்படியில் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். உயிரோடு எல்லோரும் இருக்கிற வீட்டில் விருந்தாளிக்குச் சர்க்கரை இல்லாத காபி கொடுப்பது அவன் முகத்தில் செருப்பால் அடிப்பதற்குச் சமம். கசப்புக் காபி சாவு வீட்டில்தான். சர்க்கரை போட்டால் பிள்ளைகள் போச்சு; போடாவிட்டால் ஜெலோஷைத் தன் கையாலேயே குழியில் தள்ளுகிறாள். குளிர்காலத்தில் வண்டியை விட்டு இறங்கி வந்தால், சில்லிட்ட கையை அவள் முதுகில் வைத்துவிட்டுச் சின்னப்பையன் மாதிரி சிரிக்கிற மனுஷன் அவன். அவள் சத்தமில்லாமல் அழுதாள். அழுது முடித்து டப்பாவை மூடினாள்.

பாஷ்க் ஒரு வாய் குடித்தான். அவன் எதுவும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கதையே வேறு. சின்ன வயதிலிருந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ சாவு வீட்டில் குடித்த கசப்பு அது. நாக்கில் பட்டதும் உடம்பு தானாக நிமிர்ந்தது. மூன்று மடக்கில் குடித்துக் கோப்பையை வைத்தான், வலது கையை நெஞ்சில் வைத்தான், "நீங்க நல்லா இருக்கணும் அம்மா. போனவரு போயிட்டாரு, இருக்கறவங்க நீண்ட நாள் இருக்கணும்" என்றான். ஒருவர் துக்கம் கேட்டால் பக்கத்தில் இருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதால், ஜெஃப்பும் எழுந்து நெஞ்சில் கை வைத்து அதையே சொன்னார். அப்புறம்தான் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஷ்க்கின் முகத்தில் ஈயாடவில்லை.

சொன்னதைத் திரும்ப வாங்கினால், ஓடிப்போன துரோகிக்கு உளவுத்துறை எப்படித் துக்கம் விசாரித்தது என்று மேலே பதில் சொல்லவேண்டி வரும். அரசாங்கம் தவறு செய்யாது. அரசாங்கம் துக்கம் விசாரித்துவிட்டது. ஆகவே ஜெலோஷ் செத்துத்தான் இருக்கவேண்டும். வாசலில் ஜெஃப் குரலைத் தாழ்த்தி இப்போது என்ன செய்வது என்று கேட்டார். "என்னத்தைச் செய்யறது? செத்தவரு செத்தவருதான். வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றான் பாஷ்க். மூடிய வண்டி காலியாகவே மலை இறங்கிப் போனது.

மறுநாள் ஊரே வந்தது. அதுவரை எட்டிப் பார்க்க விடாத பயமெல்லாம் சேர்ந்து அழுகையாக வந்தது. பிரேந்தா வாசற்படியிலேயே மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தாள். எல்லோரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கசப்புக் காபி குடித்தார்கள். கறுப்பு முக்காடுகள் வரிசையாகத் தன் வீட்டுக்கு ஏறுவதை ஜெலோஷ் மேலேயிருந்து பார்த்தான். அவன் மந்தபுத்திக்காரன் அல்ல. அன்று சாயங்காலம், மார்ச் மாதத்திலிருந்து அணையாமல் எரிந்த முகப்பு விளக்குகளை அணைத்தான். வந்தவர்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் அணைத்தான் என்பது டிரானேவுக்குத் தெரியும். அதற்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.

அதன் பிறகு வருஷங்கள் போயின. விட்டோரே படித்துச் செவிலியானாள், லியே பக்கத்துப் பள்ளத்தாக்கில் வாழ்க்கைப்பட்டாள். லாரியில் இருந்த விதைக்கிழங்கு முளைவிட்டு, கொடி சாக்கைக் கிழித்துக்கொண்டு கீழே தொங்கி, கோடைதோறும் வெள்ளையாகப் பூத்தது. டிரானே கறுப்பை மாற்றவில்லை. ஜன்னல் பக்கம் பார்ப்பதையும் விடவில்லை. பிறகு தலைநகரில் ஆட்சித் தலைவரின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துப் போட்டார்கள் என்று சேதி வந்தது. எல்லைக் காவல்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அன்று டிரானே வளைவுக்கு ஏறிப் போய், விளிம்பில் நின்று, முதல்முறையாக அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"ஜெலோஷ்! அவங்க எல்லாம் போயிட்டாங்க. இறங்கி வாங்க."

அவன் கண்ணாடியை இறக்கினான். பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல். "நல்லா இருக்கியா?"

"புள்ளைங்களுக்காக உங்களக் கொன்னுட்டேன்."

"தெரியும். பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். ஊரு மொத்தமும் வந்துச்சா?"

"ஒரு வீடு பாக்கி இல்ல."

"வேலித் தகராறு பண்ணுவானே, நிக்கோலா? அவனுமா?"

"அவருதான் எல்லாரையும் விட அதிகமா அழுதாரு."

ஜெலோஷ் சிரித்தான். பிறகு தாடியைத் தடவினான். "அப்ப நான் எப்படி டிரானே இறங்கி வர்றது? அத்தனை பேரு நெஞ்சுல கை வெச்சு சொல்லிட்டுப் போன வார்த்தை. நான் நடந்து வந்து சோறு கேட்டா, அவங்க எல்லாரும் பொய் சொன்னவங்களா ஆயிடுவாங்களே. நீயும்தான்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊராரின் வார்த்தை பெரிதா, இத்தனை வருஷம் பாதி காலியாகக் கிடக்கிற படுக்கை பெரிதா என்று கேட்டாள். ஜெலோஷ் சட்டைக் கையால் முன்கண்ணாடியைத் துடைத்தான். "நாளைக்கும் வருவியா?" என்றான்.

"வராம எங்க போறேன்" என்றாள் டிரானே.

இப்போது அவள் தினமும் மாட்டில் பால் கறந்து வைத்துவிட்டு, ஒரு முக்காலியோடு வளைவுக்குப் போகிறாள். பேச்சு பெரும்பாலும் பேரப்பிள்ளைகளைப் பற்றி. சில நாள் சண்டையும் உண்டு. இந்த நாளில் ஆளுக்கொரு கார் வாங்கிப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு மலை ஏறுகிறார்கள். ஆட்டுக்கொம்பு வளைவு வந்ததும் பாட்டை நிறுத்தி, உருட்டினாற்போல் மெதுவாகக் கடக்கிறார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருக்கிற இடத்தில் ஹாரன் அடிப்பது மரியாதை இல்லை.