இளநீலச் சட்டைகள்

சவரம் செய்துகொண்டு வா என்று நிரோஷன் சொன்னபோதே வினோஜனுக்குச் சந்தேகம் தட்டியது. காலி நகரத்துக் கோட்டையைப் பார்க்கப் போகிறவனுக்குத் தாடி இருந்தால் கோட்டை கோபித்துக்கொள்ளுமா?

"அந்த இளநீலச் சட்ட இருக்குல்ல, அதப் போட்டுக்க," என்றும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டான்.

அந்தச் சட்டையை அவன் மனைவி தக்ஷிகா எடுத்துக் கொடுத்திருந்தாள். டெங்குக் காய்ச்சலில் அவள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு வினோஜனுக்குக் கற்பிக்கும் பள்ளிக்கூடமும் வீடும்தான். கேதம் நடந்த வீட்டுக்கு வருஷம் முடியும்வரை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதில்லை. அது அவனுக்கு வசதியாகவே இருந்தது.

அவன் எங்கே போனாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் அம்மா, இந்த முறை சட்டையைத் தானே தேய்த்துக் கொடுத்தாள்.

"போய்ட்டு வா சாமி. நல்லதே நடக்கும்."

கோட்டை பார்ப்பதில் என்ன நல்லது நடக்கும்?

விடியுமுன் ஹட்டனில் வேன் கிளம்பியது. நிரோஷன் ஓட்டினான். பின்னால் வினோஜனுக்குப் பக்கத்தில் கிஷாந்த். இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஒரே வகுப்பில் படித்து, கம்பஸுக்கும் ஒன்றாகவே போனவர்கள். கொஞ்ச நாளாகக் கிஷாந்த் அவனை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. பேசுவதெல்லாம் டவுன் தேத்தண்ணிக் கடையில்தான். இன்று கிஷாந்தின் நகக்கண்களில் பெயின்ட் ஒட்டியிருந்தது.

"என்னடா இது?"

"கடையில கொஞ்சம் வேல," என்று கிஷாந்த் கையை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

கினிகத்தேனை தாண்டியதும் கிஷாந்தின் போன் அடித்தது. பார்த்துவிட்டு வெட்டினான். நிரோஷன் கண்ணாடி வழியாகச் சொன்னான்:

"அவிசாவளையில எங்க சித்தப்பா மக பிரியந்தி ஏறும். சித்தியும் வருது."

"அவங்க எதுக்கு?"

"ஏன், கோட்ட உனக்கு மட்டுமா?"

கிஷாந்த் ஜன்னலுக்கு வெளியே றப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவிசாவளையில் இருவரும் ஏறினார்கள். ஏறுமுன்பே கிஷாந்த் இறங்கி முன்சீட்டுக்குப் போய்விட்டான். சித்தி வினோஜனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவனை நெற்றியிலிருந்து செருப்புவரை ஒருமுறை பார்த்தாள்.

"தம்பி இன்னும் லயத்துலதான் இருக்கீங்களா, வீடு கீடு கட்டுறீங்களா?"

"லயத்துலதாங்க."

"அம்மாவும் நீங்களும் மட்டுமா? பாவம்."

ஜன்னலோரத்திலிருந்து பிரியந்தி எட்டிப்பார்த்தாள். "நீங்க கணக்குத்தானே படிச்சுக் குடுக்குறீங்க?"

"யாரு சொன்னா?"

அவள் பார்வை முன்சீட்டுக்குப் போய், தரையில் இறங்கியது.

வினோஜன் ஒன்றைக் கவனித்தான். நிரோஷனை அவள் வார்த்தைக்கு வார்த்தை அண்ணே என்றாள். தன்னை மட்டும் எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒரே ஒரு அண்ணே சொல்லியிருந்தால் அவன் நிம்மதியாகக் கோட்டை பார்த்திருப்பான். அப்படியானால் இது பெண் பார்க்கும் படலம். அம்மாவுக்கும் தெரியும். தக்ஷிகா எடுத்துக் கொடுத்த சட்டையை மாட்டிவிட்டு, அவள் இடத்துக்கு ஆள் காட்ட இழுத்துப் போகிறார்கள். இந்த இரண்டு பேரை விட்டால் அவனுக்கு வேறு நண்பர்களும் இல்லை.

காலியில் வெயில் சுள்ளென்று அடித்தது. கோட்டை வாசலைக் கடந்து மதில்மேல் ஏறியதும் கடற்காற்று முகத்தில் அறைந்தது. கீழே பாறையில் அலை உடைந்துகொண்டிருந்தது. மதில் மூலைகளில் குடைக்குள் ஜோடிகள்.

"ரெண்டு நிமிசம், வந்துர்றோம்," என்று நிரோஷனும் கிஷாந்தும் வேனிலிருந்து எடுத்த நீளமான பையோடு மறைந்தார்கள். சித்தி நிழல் தேடிப் போனாள். மதில்மேல் வினோஜனும் பிரியந்தியும் மட்டும்.

இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவது என்று முடிவு செய்தான்.

"ஒண்ணு சொல்லணும். உங்க மேல தப்பில்ல. எனக்கு இதுல விருப்பமில்ல. இந்தச் சட்ட அவ எடுத்துக் குடுத்தது. இதப் போட்டுக்கிட்டு இன்னொரு பொண்ணப் பாக்க என்னால ஏலாது. வீட்டுல, நீங்களே வேணாம்னு சொன்னதாச் சொல்லிருங்க."

பிரியந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அண்ணே," என்றாள். காலையிலிருந்து வராத சொல். "இவரு உங்ககிட்ட இன்னும் சொல்லவே இல்லையா?"

படியில் கிஷாந்த் ஏறி வந்தான். கோட்டு சூட்டு. பின்னால் கேமராவோடு நிரோஷன். அவன் தன் ஜாக்கெட்டைக் கழற்றியிருந்தான். உள்ளே இளநீலச் சட்டை, அச்சு அசலாக வினோஜனுடையது போலவே.

பிரியந்தி நடந்ததைச் சொன்னாள். நிரோஷன் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"என் தங்கச்சிய ஏன்டா வேணாங்குற? அழகாத்தானே இருக்கு."

"நல்லவேள. எனக்கும் இந்த அண்ணன்மேல விருப்பமில்லண்ணே," என்றாள் பிரியந்தி.

கிஷாந்த் சிரிக்கவில்லை. "எனக்கும் பிரியந்திக்கும் வார மாசம் கல்யாணம்டா. உங்க வீட்டுக்கு வெத்தில வைக்கக்கூடாதுன்னு அம்மா ஒத்தக் கால்ல நிக்குது. உங்கம்மாவும் அதத்தான் சொல்லுது. மணவறையில உன்ன நிக்க வைக்க ஏலாது. இங்கயாச்சும் மாப்பிள்ளத் தோழனா நில்லு."

"அதான் கல்யாணப் படம் எடுக்கக் கோயில் இல்லாத எடமாப் பாத்தோம்," என்றான் நிரோஷன்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டான். கிஷாந்தின் நகத்துப் பெயின்ட் கல்யாண வீட்டுப் பெயின்ட். வினோஜன் சின்ன வயதில் ஓடித் திரிந்த வீட்டுச் சுவரை அவனுக்குத் தெரியாமலே பூசியிருக்கிறார்கள். பெண் பார்க்க வரவில்லை என்றதும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. மறைத்துவிட்டார்களே என்பது அதே இடத்தில் வேறு பாரமாக ஏறிக்கொண்டது.

அதற்குள் சித்தி மூச்சு வாங்க வந்தாள். "தம்பி தப்பா நெனக்காதீங்க. வருஷம் திரும்பலையே. மொதப் படத்துல மட்டும் நீங்க வேணாமே."

வினோஜன் கிஷாந்தின் முகத்தையே பார்த்தான். நல்ல பேச்சு எல்லோருக்கும் வரும். இப்போது என்ன செய்கிறான்?

கிஷாந்த் தன் கோட்டைக் கழற்றிச் சித்தி கையில் கொடுத்தான். உள்ளே அவனுக்கும் இளநீலச் சட்டை.

"இத வச்சிருங்க அத்த. இப்ப நான் மாப்பிள்ள இல்ல, கோட்ட பாக்க வந்தவன். இது கல்யாணப் படமும் இல்ல."

சித்தி கோட்டை மார்போடு பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். மகள் அதற்குள் நிரோஷனிடமிருந்து கேமராவைப் பறித்திருந்தாள்.

"மூணு பேரும் ஒட்டி நில்லுங்க. அண்ணே, நீங்க நடுவுல."

காற்று மூன்று சட்டைகளையும் ஒரே பக்கமாக ஊதியது. கிஷாந்தின் கை தோளில் விழுந்தது.

"இத வீட்டுல மாட்டுவியா?" என்று கேமராவைப் பார்த்தபடியே கேட்டான் வினோஜன்.

"இப்ப மாட்டுனா அம்மா கழட்டிரும்."

பொய் சொல்லவில்லை. காலையிலிருந்து அவன் சொன்னதில் இதைத்தான் வினோஜன் அப்படியே நம்பினான்.

"வருஷம் முடியட்டும்," என்றான் கிஷாந்த். "நீயே வந்து ஆணி அடி."