பேதமில்லாத எண்கள்

வெள்ளைத் திரையில் பத்துப் பெட்டிகள், உள்ளே ஒன்றுமில்லாமல், வரிசையாக, பொத்தானை அழுத்திய விரலை எடுக்காமலேயே எழுத்துரு வெளியீட்டு விழாவில் திட்டத் தலைவர் வேள்நம்பி சொல்கிறார், பாருங்கள், சக்மா எண்களில்தான் எத்தனை கட்டுக்கோப்பு, பூஜ்யத்துக்கும் ஒன்பதுக்கும் பேதமே இல்லை, கைத்தட்டல், எனக்குப் பக்கத்தில் மிசோரம் சக்மாக்காரன் ஜோதிர்மய் மட்டும் கையை மடியில் வைத்திருக்கிறான், அவன் மொழிக்கு எழுத்துரு வரைந்தவன் நான், அந்த எழுத்துரு இல்லாத கணினியை யாரோ மேடையில் வைத்துவிட்டார்கள், அது இல்லாவிட்டால் எந்த எண்ணும் வெறும் பெட்டிதான், எங்கள் எண்கள் அலுவலகக் கணினியில் பத்திரமாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் மிசோரமிலிருந்து ஜோதிர்மய் மனைவி ரங்கபி பார்த்துத் திருத்தியது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள், போனில் அவள் திட்ட அவன் தமிழாக்குவான், அண்ணா, உங்க அஞ்சுக்கு இடுப்பே இல்லையாம், மேடைக்குப் பின்னால் போய்ச் சொன்னேன், ஐயா, அது வெறும் பெட்டி, எண் இல்லை, இருக்கட்டும் தம்பி, வீடியோ நெட்டுல போயிடுச்சு, போட்டோவுக்கு நில்லுங்க என்றார், தன் விசிட்டிங் கார்டில் கைபேசி எண்ணைத் தமிழ் எண்களில் அச்சடித்திருப்பவர் அவர், அதனால் யாரும் அவரை அழைத்ததில்லை, போட்டோவோடு திட்டம் இனிதே நிறைவடைந்தது, எழுத்துருவைக் கைபேசிகளுக்குக் கொண்டுபோவது அடுத்த கட்டமாம், அந்தக் கட்டம் இன்னும் எந்தக் கட்டத்துக்குள் கிடக்கிறதோ.

பிறகு ரங்கபிக்குக் காய்ச்சல், பிறகு ரங்கபி இல்லை, இல்லையென்று தெரிந்தும் என் தூக்கத்தில் வருகிறாள், பெட்டிக்குள்ளிருந்து ஜன்னல்போல எட்டிப் பார்த்து ஐந்தைக் கேட்கிறாள், ஊர் விகாரையில் அவளுக்கு ஒரு கல் பதிக்கிறோம் அண்ணா, பேரு இங்கிலீஷ்ல இருந்துட்டுப் போகட்டும், வருசமாவது அவ எண்ணுல இருக்கணும் என்கிறான் ஜோதிர்மய், அலுவலகக் கணினியில் அவனே அடித்து ஊரிலிருக்கும் மைத்துனனின் கைபேசிக்கு அனுப்புகிறான், இங்கே அழகாகத் தெரிகிறது, ஐந்துக்கு இடுப்பும் இருக்கிறது.

மைத்துனன் கைபேசியில் எங்கள் எழுத்துரு இல்லை, அவனுக்குச் சக்மா எழுத்தும் தெரியாது, விழா வீடியோ தெரியும், விழாவுல பார்த்த மாதிரியே இருக்கு, சரியா வெட்டச் சொல்லிட்டேன் என்று படம் அனுப்பியிருக்கிறான், கல்தச்சன் கைதேர்ந்தவன், ஆங்கிலத்தில் ரங்கபி, கீழே நான்கு பெட்டி, ஒரு கோடு, மறுபடி நான்கு பெட்டி, ஆழமாக, அளவு பிசகாமல், மழைத்தண்ணீர்கூடத் தேங்கி நிற்கிறது, ஜோதிர்மய் விரலால் படத்தைப் பெரிதாக்குகிறான், இன்னும் பெரிதாக்குகிறான், அண்ணா, பிறந்ததும் செத்ததும் ஒரே வருசம் ஆயிடுச்சு, நடுவுல அவ இல்லவே இல்லண்ணா.