பத்தியத்துக்குக் காவல்

என் மனைவி நல்லம்மாளுக்கு அறுபத்தொன்பது வயதில் தைராய்டு புற்றுநோய் வந்தது. கழுத்தில் அறுவை முடிந்தது. மிச்சமிருப்பதை அழிக்க கதிரியக்க அயோடின் மருந்து குடிக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு வாரம் பத்தியம். உடம்பில் அயோடின் வற்றியிருந்தால்தான் மருந்து பிடிக்குமாம். கடல் மீன், முட்டை, பால், அயோடின் உப்பு எதுவும் ஆகாது. மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. தவறினால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

காவலுக்கு நான். என்னைப் போல் கண்டிப்பானவன் ஜார்ஜ் டவுனிலேயே கிடையாது. மிளகாய்ச் சம்பலில் ஒரு நெத்திலித் தலை தெரிந்தாலும் தட்டைப் பிடுங்கிவிடுவேன். ஒருநாள் பால் பிஸ்கட் டின்னைத் திறந்தவளை, "சாகணும்னு ஆசையா?" என்று கத்தினேன். அவள் டின்னை மூடி வைத்தாள்.

நடுவில் தைப்பூசம் வந்தது. அவளுக்குக் குணமாக வேண்டும் என்று நேர்ந்திருந்தேன். எழுபத்திரண்டு வயதில், வெறுங்காலோடு, பால்குடம் சுமந்து தண்ணீர்மலைக் கோயில் படிகள் அத்தனையும் ஏறினேன். இறங்கும்போது முட்டி இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. அபிஷேகப் பாலை இரண்டு போத்தலில் வாங்கி வந்து ஐஸ்பெட்டியில் வைத்து, மூன்று நாள் காலை மாலை ஒரு டம்ளர் நானே சுடவைத்துக் கொடுத்தேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மருந்துக்கு முதல் நாள் மருத்துவமனையில் தாதி சலேஹா பட்டியலைப் பார்த்துக் கேட்டார்.

"மீனு, முட்டை?"

"மூச்!" என்றேன்.

"பாலு?"

"என்னையத் தாண்டி ஒரு சொட்டு போவுமா மிஸ்ஸி? மூணு நாளு சாமி பாலு மட்டும்தான்."

சலேஹா பேனாவைக் கீழே வைத்தார். "ஐயா, அதுவும் பாலுதான்லா."

உள்ளே போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து, தேதியை ஆறு வாரம் தள்ளிவிட்டார்.

காரில் ஏறியதும் நல்லம்மாளிடம் கேட்டேன். "எனக்குத்தான் புத்தி இல்ல. உனக்குமா தெரியல?"

"தெரியும். லிஸ்ட்ட ஐஸ்பெட்டியில ஒட்டுனதே நான்தானே."

"அப்புறம் ஏன் குடிச்ச?"

"கல்யாணமாகி நாப்பத்தஞ்சு வருசத்துல நீங்க எனக்குன்னு அடுப்பு பத்தவச்சது அதான் மொத தடவ. வேணாம்னு சொல்ல மனசு வரல."

வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது. சாவி கையிலேயே இருந்தது.

"வண்டிய எடுங்க," என்றாள். "அடுத்த பத்தியத்துக்கு கோப்பி ஓ போட்டுக் குடுங்க. அதுல பாலு இல்ல."