பதினோராவது சீர்த்தட்டு

செஞ்சிக்கோட்டையைப் பார்க்க வருகிற கூட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மணிமொழி வீட்டு ஜாடியைப் பார்க்க வந்த கூட்டம் தனி. வெள்ளைப் பீங்கானில் ஒரு பெண் முகம். ஒரு கண் திறந்திருக்கும், ஒரு கண் மூடியிருக்கும். இத்தாலிக்கார டிசைனர் ஒருவர் இந்த மாதிரி கொஞ்சம் ஜாடிகள் மட்டும் செய்துவிட்டு நிறுத்திக்கொண்டாராம். பாண்டிச்சேரியில் வீட்டு அலங்காரக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, மணிமொழியின் வரைபடம் ஒன்றுக்கு முதலாளியம்மா கொடுத்த பரிசு. கல்யாணமாகி வந்த வீட்டில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அது ஒன்றுதான். பூ வைக்கமாட்டாள், தண்ணீர் ஊற்றமாட்டாள். "அப்புறம் எதுக்குடி ஜாடி?" என்று எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணு கேட்டதிலும் நியாயம் இருந்தது.

நாத்தனார் தமிழினியின் பிள்ளைக்கு வல்லத்தில் காதுகுத்து. மணிமொழியின் கணவன் பிரசாந்த்தான் தாய்மாமன். சீர்த்தட்டுகள் மேளத்தோடு பந்தலுக்குள் நுழைந்தபோது, கடைசித் தட்டிலிருந்து தன் ஜாடி ஒற்றைக் கண்ணால் தன்னையே பார்ப்பதை மணிமொழி கண்டாள்.

"இன்னா அத்தை இது?"

மாமியார் ராஜாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "எண்ணிப் பாத்தா தட்டு பத்துதான் வருது. ரெட்டப் படையில சீர் எடுத்துனு வந்தா ஊரு சிரிக்காதா? கையில ஆப்ட்டது அதான். கல்கண்டு ரொப்பி வச்சிட்டேன்."

"அது என்னுதாச்சே!"

"தட்டுல வச்சாச்சு, இனிமே அவங்குளுது. திருப்பிக் கேட்டா உன் நாத்தனா அந்த வூட்ல தல நிமிர முடியுமா?"

முடியாதுதான். பிரசாந்திடம் முறையிட்டாள். "வேற ஒண்ணு வாங்கிக்கலாம் மணி" என்றான் அவன், செஞ்சி பஜாரில் அடுக்கிவைத்து விற்கிற மாதிரி.

ஒரு மாதம் பொறுத்தாள். சின்னப்பொண்ணுதான் பொறுக்கவில்லை. "இன்னாடி, ஜாடி பூந்த வூட்ல சௌக்கியமா?" என்று பார்க்கும்போதெல்லாம் விசாரித்தாள்.

நாத்தனாரைப் பார்க்கிற சாக்கில் வல்லம் போனாள் மணிமொழி. அடுப்பு மேடையில் ஜாடி. தமிழினியின் மாமியார் ஜெயக்கொடி அதற்குள் கரண்டிக் காம்பை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள்.

"புளி போட்டு வச்சேம்மா. போட்டது போச்சு, எடுக்க வரல. கை நுழைய மாட்டேங்குது. சீர்ல வந்தத தூக்கிப் போடவும் மனசு வரல. இவ வேற ஒத்தக் கண்ணால மொறைக்கிறா."

ஜாடியைக் கேட்கக்கூடாது. புளியைக் கேட்கலாமே!

"அத்தை, எங்க வூட்ல புளி தீந்துபோச்சு. கொஞ்சம் குடுங்களேன்."

ஜெயக்கொடி அவளைப் பார்த்தாள். ஜாடியைப் பார்த்தாள். "எடுக்கதான் வரலியே. அப்டியே எடுத்துனு போ. ஏனத்த மெதுவா குடுத்தனுப்பு."

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது வழக்கமில்லை. அடுத்த வாரம், முழங்கை வரை தாராளமாக நுழைகிற ஊறுகாய் ஜாடி ஒன்று வேர்க்கடலை நிறைந்து வல்லம் போய்ச் சேர்ந்தது. ஏனம் மாறியிருப்பதைத் தன் மாமியார் கவனிக்கவே இல்லை என்று தமிழினி போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஒற்றைக்கண்காரி மறுபடி அலமாரிக்கு வந்துவிட்டாள். வயிற்றில் இன்னும் புளி இருக்கிறது. மணிமொழி அதை எடுக்க ரொம்பவும் முயலவில்லை. புளி ஒட்டிய ஜாடியை எந்த மாமியாரும் அவசரத்துக்குச் சீர்த்தட்டில் வைக்கமாட்டாள்.